வெயில் குடிக்கும் ஆட்டோ

ஆட்டோ நிறுத்தத்தில் அவருக்கு ‘விஞ்ஞானி’ என்று பெயர். வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக வாங்கிக்கொண்டார். கண் எரிய விழித்துப் படித்துப் பட்டம் வாங்கியவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். இவருக்கு ஒரு சோலார் தகடு போதுமானதாக இருந்தது.

தன் மின்சார ஆட்டோவின் கூரையில் அதை மாட்டிய நாளிலிருந்து மனிதருக்குத் தரையில் கால் பாவவில்லை. “நீங்கள்லாம் பிளக்கைத் தேடி அலையிற கூட்டம்யா. நம்ம வண்டி வெயிலக் குடிச்சுட்டு ஓடுது” என்பார். மற்ற ஆட்டோக்கள் மரத்தடியில் நிற்கும். இவருடையது மட்டும் நட்டநடு வெயிலில். சீட்டில் கை வைத்த சவாரி, சுட்டுக்கொண்டு நிழல் வண்டிக்குப் போய்விடும். துணிந்து ஏறியவரையும் இவரே இறக்கிவிடுவார்: “இப்பத்தான் நல்லா ஏறுது. அப்புறமா வாங்க.” ஓடுவதற்காகச் சார்ஜ் ஏற்றுகிறவர்கள் உண்டு. சார்ஜ் ஏற்றுவதற்காக ஓடாமல் நிற்பவர் இவர் ஒருவர்தான்.

இந்த விஞ்ஞானத்தின் வேர் எங்கே இருக்கிறது என்று அவர் மனைவிக்குத் தெரியும். அவள் வீட்டிலேயே தையல் தைப்பவள். பொழுது சாய்ந்ததும் அவளுடைய தையல் அறை ஜன்னல் வழியாக ஒரு வயர் உள்ளே வரும். இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் ஆட்டோவின் சார்ஜர் உட்கார்ந்துகொள்ளும். நாளெல்லாம் காய்ந்து அந்தத் தகடு சேர்ப்பது கடைத்தெருவுக்குப் போய்வரத்தான் போதும். மிச்ச ஓட்டமெல்லாம் சுவரிலிருந்து வந்தது. வீட்டில் மூக்குப்பிடிக்கத் தின்றுவிட்டு, தெருவில் ஒரு மிட்டாயைக் காட்டி இதில்தான் உயிர் வாழ்கிறேன் என்கிற பிள்ளையின் கதை. அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. வாயைக் கொடுத்தால் ஒரு சட்டை தைக்கிற நேரம் போய்விடும்.

அப்படி மிச்சம் பிடித்த நேரத்தில் தைத்துத்தான் நர்சிங் பள்ளியின் சீருடை ஆர்டரைப் பிடித்திருந்தாள். முதல் தவணையைக் குறித்த நாள் மதியத்துக்குள் ஒப்படைக்க வேண்டும்; தவறினால் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று பள்ளி ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் அம்மா கறாராகச் சொல்லியிருந்தார்.

அதற்கு முந்தின சாயங்காலம் பார்த்துக் கொழுந்தன் வந்து இறங்கினான். சரக்கு வேன் ஓட்டுகிறவன். அண்ணன் பேச்சைக் கேட்டுத் தன் வேனுக்கும் தகடு போட ஆசை. நேரில் பார்க்க வந்திருந்தான். தையல் அறையில்தான் அவனுக்குப் பாய் விரித்தார்கள்.

“வயர் போடலையா?” என்று அடுக்களையில் அவள் கணவரிடம் கேட்டாள்.

“மெதுவாப் பேசு. தம்பி இருக்கான்ல. காலைல வெயில் வந்துடும்.”

“வானம் மூடிக் கெடக்கு.”

“மேகம் இருந்தாலும் அது இழுத்துக்கும். உனக்கெல்லாம் புரியாது.”

“எனக்குப் புரியாட்டிப் போகுது. வண்டிக்குப் புரியணுமே.”

காலையிலும் வானம் மூடித்தான் கிடந்தது. மூட்டைகளை ஏற்றி மூன்று பேரும் கிளம்பினார்கள். மேம்பாலத்தின் ஏற்றத்தில் ஆட்டோ முனகியது, ஊர்ந்தது, நின்றது. விஞ்ஞானி இறங்கி, துண்டால் தகட்டைத் துடைத்தார். பிறகு வானத்தை முறைத்தார்.

“என்ன அண்ணே, மேகத்துலயும் ஓடும்னே?”

“லோடு ஜாஸ்திடா. எல்லாம் உங்க அண்ணி மூட்டை பண்ற வேலை.”

அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவளுக்கு அது பொறுக்கவில்லை. “என் மூட்டை மேல பழி போடாதீங்க. தம்பி, நேத்து நீ என் தையல் ரூம்ல படுத்தே பாரு, அதனாலதான் வண்டி நின்னுச்சு.”

“நான் என்ன அண்ணி பண்ணேன்?”

“நீ ஒண்ணும் பண்ணல. தினமும் ஜன்னல் வழியா வயர விட்டு, என் இஸ்திரிப் பெட்டி பிளக்குலதான் உங்க அண்ணன் சூரியனப் பிடிப்பாரு. நேத்து நீ பாத்துடுவியோன்னு பிடிக்கல.”

கொழுந்தன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் தகட்டில் இல்லாத தூசியைத் தட்டினார்.

நிறுத்தத்து ஆட்டோக்காரர் ஒருவர் அந்த வழியாக வந்து வண்டியை ஓரம் கட்டினார். “என்ன விஞ்ஞானி அண்ணே, வண்டிக்குத் தாகமா?”

அவள் பதிலுக்குக் காத்திராமல் மூட்டையைத் தூக்கினாள். கொழுந்தனும் ஆளுக்கு முந்தி மற்றதைத் தூக்கிக்கொண்டு அந்த ஆட்டோவில் ஏறினான்.

“ஏய், இரு! மேகம் விலகிட்டா பத்து நிமிஷத்துல கிளம்பிடலாம்.”

“பத்து நிமிஷ வெயில்ல இது அடுத்த விளக்குக் கம்பத்தத் தொடுமா? நீங்க நில்லுங்க.”

ஸ்டோர் அம்மா சாப்பாட்டுக்கு எழுந்துகொண்டிருந்தார். காலர்களைத் திருப்பிப் பார்த்தார், தையலை இழுத்துப் பார்த்தார். “இன்னும் கொஞ்சம் போயிருந்தா வேற இடத்துக்குப் போன் போட்டிருப்பேன். திங்கக்கிழமை வந்து அடுத்த துணிய எடுத்துக்கம்மா” என்றார்.

வெளியே வந்ததும் அவள் ஆட்டோக்காரரிடம் சொன்னாள்: “திங்கக்கிழமை காலைல வீட்டுக்கு வந்துடுங்க தம்பி. இனிமே துணி உங்க வண்டியிலதான்.”

“அண்ணன் கோவிச்சுக்க மாட்டாராக்கா?”

“கோவத்துலயாவது கரண்டு வருதான்னு பாக்கலாம்.”

கொழுந்தன் சிரிப்பை அடக்கிக்கொண்டு தெருப் பக்கம் திரும்பினான். “என் வேனுக்குத் தகடு வேணாம் அண்ணி” என்றான்.

திரும்புகையில் வெயில் வந்திருந்தது. விஞ்ஞானி வண்டியைச் சரிவில் உருட்டிப் பாலம் தொடங்கும் இடத்துக்குக் கொண்டுவந்து, வேடிக்கை பார்த்த இரண்டு பேருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். இவர்களைக் கண்டதும் கையை ஆட்டிக் கத்தினார்: “சார்ஜ் ஒரு கோடு ஏறிடுச்சு!”

ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைத்தார்.

“போங்க தம்பி” என்றாள் அவள். “நாளைக்கு இன்னொரு கோடு ஏறும். அவரே வருவாரு.”