ஒழுகினால் மட்டும் எங்கள் கூரை

பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில், நாங்கள் பிறந்த வீட்டிலேயே அக்கா இருக்கிறாள். கொழுந்து பறித்து, மழையில் ஊறி, அட்டை கடித்த காலோடு வந்ததும் குளிக்க அவளுக்குச் சுடுதண்ணீர் வேண்டும். சமையலுக்குக் காஸ் அடுப்பு வாங்கிக் கொடுத்திருந்தேன். ஒரு பானைத் தண்ணீரைக் காஸில் கொதிக்கவைக்க அவளுக்கு மனம் வராது. ஈர விறகை ஊதிக்கொண்டு உட்காருவாள். அந்தப் புகையால்தான் இழுப்பு வந்தது. இனிப் புகையே ஆகாது என்று கண்டியில் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

கண்டியில் என் வீட்டுக் கூரையில் வெயிலில் தண்ணீர் சூடாகும் தொட்டி இருக்கிறது. ஏற்றியபோது நான் யாரையும் கேட்கவில்லை. அக்காவுக்கும் பிலிமத்தலாவைக் கடையில் ஒரு சின்னத் தொட்டி வாங்கி, கடை ஆட்கள் இருவரோடு லொறியில் கொண்டுபோனேன். ஏணியைச் சாத்தியதுமே தோட்டத்துக் காவலாளி வந்துவிட்டார். ஆபீசில் கேட்காமல் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாதாம்.

ஆபீசுக்குப் போனேன். கிளாக்கர் தலை நிமிரவே இல்லை.

"கூரை தோட்டத்துக்குச் சொந்தம். அதுல ஒன்னும் ஏத்த முடியாது."

"அப்ப எங்களுக்கு என்னதாங்க சொந்தம்?"

ஜன்னல் வழியே, தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாக் கூரை தெரிந்தது. அதில் வரிசையாகச் சூரியத் தகடுகள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று தலைமுறையாக அந்த லயத்தில் பிறந்து செத்திருக்கிறோம். காற்றில் தகரம் பறந்தபோதெல்லாம் அப்பாவும், பிறகு அக்காவின் வீட்டுக்காரரும்தான் ஏறி மாற்றினார்கள். அப்போதெல்லாம் இந்தச் சொந்தக்காரர்கள் எங்கே போயிருந்தார்கள்? வெயில் விழுந்தால் அவர்கள் கூரை, மழை விழுந்தால் எங்கள் கூரை. என்ன நியாயம் இது!

தொட்டி பெட்டியோடு வாசலில் கிடந்தது. அக்கா காலையில் அதைத் துடைத்து வைப்பாள். மாலையில் பழையபடி விறகு ஊதுவாள். போனில் பேசும்போதே அவளுக்கு மூச்சு இழுக்கும். நான் தோட்டத்தைத் திட்டித் தீர்ப்பேன்.

பிறகு மழை பிடித்தது, கூரை ஒழுகியது. அக்கா நேரே ஆபீசுக்குப் போயிருக்கிறாள்.

"ஐயா, ஒங்க கூரை ஒழுகுது. ஆள் அனுப்பிச் செஞ்சு குடுங்க."

"லயத்துக் கூரையெல்லாம் குடியிருக்கிறவங்கதான் பாத்துக்கணும்."

"அப்ப அதையே எழுதிக் குடுங்க ஐயா. எங்க வீட்டுக்காரர் நம்ப மாட்டாரு."

செலவு தலையில் விழாமல் போனால் சரியென்று கிளாக்கர் உடனே எழுதினார்: கூரைக்கு முழுப் பொறுப்பும் குடியிருப்பவருடையது. கீழே சீலும் குத்திக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தகரத்தை மாற்றினோம். அதோடு தொட்டியையும் ஏற்றினோம். காவலாளி வந்தார். அக்கா கடிதத்தை நீட்டினாள். படித்தார், சீலைப் பார்த்தார், திரும்பிப் போய்விட்டார்.

மறுநாள் நல்ல வெயில். மாலையில் அக்கா போன் எடுத்து, "குளிச்சிட்டேன்டா" என்றாள். மூச்சு இழுக்கவில்லை. சந்தோஷப்பட்டேன், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் கோபம் தீரவில்லை. அந்தக் கடிதத்தை அக்கா பொலித்தீனில் சுற்றி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களோடு அலுமாரியில் வைத்திருக்கிறாள். காலமெல்லாம் கொழுந்து பறித்த என் அக்கா, ஒரு வாளி சுடுதண்ணீருக்குச் சீல் குத்திய காகிதம் காட்ட வேண்டியிருக்கிறது.