புதுப்பட்டி அக்காவின் இடது தோள்

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் சேர்ந்து நின்றால் எனக்குப் பேச்சு வராது. நானெல்லாம் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பேச வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு முதலில் ஞாபகத்துக்கு வருவது ஒரு பட்டாசுக் கம்பெனி காலண்டர். எம். புதுப்பட்டியில் ஒரு வீட்டின் உள்ளறையில், பீரோக் கண்ணாடியை முழுசாக மறைத்துத் தொங்கியது. கையில் மத்தாப்போடு சிரிக்கும் பெண். தோளில் ஒரு மரு கூட இல்லாமல் வழவழவென்று இருப்பாள். அவளை அப்படி ஆக்கியது நான்தான். காலண்டருக்கும் பட்டாசுப் பெட்டி லேபிளுக்கும் படம் எடுக்கிற சிவகாசி ஸ்டுடியோ ஒன்றில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே கருப்பு எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். எங்கள் கடையில் அதற்குப் பெயர் கழுவுவது.

முதலாளியை சார் என்போம். ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் அவர் புதிதாக ஒன்றை ஆரம்பித்தார். பெண்களை அவரவர் படுக்கையறையிலேயே, அவர்கள் வைத்துக்கொள்வதற்கு மட்டும் படம் எடுப்பது. "உடம்பப் பிடிக்கிறது இல்லம்மா, உடம்பு மேல விழுற வெளிச்சத்தப் பிடிக்கிறது. இது கலை" என்பார். கலை என்று சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வார். அந்த மூடின கண்ணைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். துணைக்கு ஒரு பெண் வேண்டுமென்று என்னையும் கூட்டிப் போவார்.

அப்படிப் போனதுதான் அந்தக் காலண்டர் வீடு. புதுப்பட்டி அக்கா பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்துகிற வேலை பார்த்தவள். விபத்தில் கழுத்திலிருந்து இடது முழங்கை வரை வெந்துபோய், மெழுகு உருகி இறுகினது போல இருந்தது. புருஷன் லாரி ஓட்டுகிறவர். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து விளக்கை அணைக்காமல் அவர் பக்கத்தில் வந்ததில்லையாம். இதை எங்கள் இருவரிடமும், காய்கறி விலை சொல்வது போலச் சொன்னாள்.

மத்தியானம் மூன்று மணி. மேற்கு ஜன்னல் வெயில் கட்டிலில் விழுந்தது. அக்கா பாதி திரும்பி உட்கார்ந்து, சேலையை இடது தோளிலிருந்து இறக்கினாள். நான் வெளிச்சத்தைத் திருப்பிவிட வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

"தலமுடிய முன்னால எடுத்து விட்டுக்கங்க, அது மறைஞ்சிரும்" என்றார் சார்.

"மறைக்கதுக்கா ஒங்கள வரச்சொன்னேன்? அதுக்கு எங்கிட்ட சேல இருக்கு. இதோட சேத்து எடுங்க. கட்டிலுக்கு நேரா மாட்டப்போறேன். அவுக கண்ணத் தொறந்து பாக்கட்டும்."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏத்தா, தரையில என்ன தொலச்ச? என்னையப் பாத்துப் பிடி. ஒன் மேல ஒட்டிக்கிடாது."

எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. வெட்கத்தில் வந்த கோபம். அவளோ எழுந்து போய்க் காலண்டரைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். சார் எடுத்தார். அவரைப் பிடிக்காத நானே சொல்கிறேன், நல்ல படம். தழும்பின் ஒவ்வொரு மடிப்பிலும் வெயில் நின்றது.

கடைக்கு வந்ததும், "எப்பவும் போலக் கழுவிரும்மா" என்று சொல்லிவிட்டு சார் சாப்பிடப் போனார். அக்கா சொன்னதை அவரும் கேட்டார், நானும் கேட்டேன். அவரிடம் கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை. கை பழக்கத்தில் போனது. வலது தோளிலிருந்து தோலை எடுத்து இடது தோளில் ஒட்டினேன். போதவில்லை. காலண்டர் பெண்ணின் படம் கம்ப்யூட்டரிலேயே இருந்ததால் அவளிடமிருந்தும் கொஞ்சம் எடுத்தேன். முடிந்தபோது பெருமையாகக்கூட இருந்தது. பழைய படத்தின் மேலேயே சேமித்தேன். கழுவாத படத்தை எங்கள் கடையில் யாரும் கேட்டதில்லை. கேமரா கார்டை சார் அன்றே அழித்துவிட்டார், அடுத்த ஆர்டருக்கு.

நாலு நாள் கழித்து அக்கா கடைக்கு வந்தாள். சட்டம் போட்ட படத்தை இரண்டு கையாலும் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது யார் தோளு?"

"கலைன்னா கொஞ்சம் அழகுபடுத்தணும்" என்று சார் கண்ணை மூடினார். அவள் கழுவாத படத்தைக் கேட்டாள். இல்லை என்று நான் சொன்னதும் சார் கண் திறந்தது. "கழுவுனது இந்தம்மாதான்" என்று என்னைக் காட்டினார். அது உண்மை. அந்த உண்மையை அவர் சொன்னதற்காக இன்றைக்கும் அவரை நான் மன்னிக்கவில்லை.

"இன்னொரு தடவ வந்து எடுத்துத் தாரோம்" என்றார்.

"இன்னொரு தடவ உக்கார மாட்டேன்."

அக்கா என்னிடம் கேட்டாள். "எம்புட்டு நேரம் ஆச்சு?"

"ரெண்டு மணி நேரம்க்கா."

"இது காய எனக்கு எட்டு மாசம் ஆச்சு. நீ ரெண்டு மணி நேரத்துல இல்லாம ஆக்கிட்ட." படத்தை மேசையில் கவிழ்த்து வைத்தாள். "கண்ணாடிக்கு மேல ஆணி சும்மாதான் இருக்கு. காலண்டரையே மாட்டிக்கிறேன்." போய்விட்டாள். மன்னிப்புக் கேட்க நான் எழுந்திருக்கக்கூட இல்லை.

அந்தப் படம் இன்றைக்கும் கடைச் சுவரில் இருக்கிறது. முகத்தை வெட்டிவிட்டு வெறும் தோளை மட்டும் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார் சார். யாரைக் கேட்டு மாட்டினார் என்று நான் கேட்டதில்லை. புதிதாக வருகிற பெண்களிடம், "இதுதான் கலை" என்று அதைக் காட்டுகிறார். அவர் காட்டுகிற இடத்தில் இருப்பது மத்தாப்புக்காரியின் தோல். அது எனக்கு மட்டும்தான் தெரியும். பீரோக் கண்ணாடியை மறைத்துக்கொண்டிருந்தவளே அக்காவின் தோளையும் மறைத்துக்கொண்டு நிற்கிறாள்.

அக்கா வந்து போன மறுநாள் லேபிளுக்கு ஆறு படங்கள் வந்தன. சாயங்காலத்துக்குள் ஆறையும் கழுவிக் கொடுத்தேன்.