கறுவா எண்ணெயும் என் குடல்வாலும்

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு ஊர் ஊராகத் திரிந்தவன் நான். கொரோனா வந்தபோது அலுவிகாரைப் பக்கம் ஒரு வாசனைத் திரவியத் தோட்டத்தில் ஒதுங்கியிருந்தேன். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, சுற்றுலா வரும் வெள்ளைக்காரர்களிடம் மூட்டுவலிக்கு இந்த எண்ணெய், முடி கொட்டினால் அந்த எண்ணெய் என்று சொல்லி விற்பதுதான் வேலை. அவர்கள் என்னை டாக்டர் என்றார்கள். நான் மறுத்ததில்லை.

ஊரடங்கு போட்டதும் தோட்டத்தில் முதலாளி நானாவும் நானும்தான் மிஞ்சினோம். அப்போது தொப்புளைச் சுற்றி வலி தொடங்கியது. பிறகு வலது பக்கம் இறங்கியது. வாந்தி, காய்ச்சல்.

"ஆஸ்பத்திரிக்கு போவோம், தம்பி."

காய்ச்சல்காரனை வாசலிலேயே பிடித்து, தனிமைப்படுத்தல் முகாமுக்கு பஸ் ஏற்றுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். வலியைவிட அந்த பஸ்தான் பயமாக இருந்தது.

"வாய்வுதாங்க நானா. நம்மகிட்ட இல்லாத மருந்தா?"

"அது வெள்ளக்காரனுக்கு விக்கிற மருந்து தம்பி!"

நான் கேட்கவில்லை. கறுவாப்பட்டை எண்ணெயை வயிற்றில் அழுத்தித் தேய்த்தேன். தோல் எரிந்தது, வலி அசையவில்லை. மறுநாள் காலை திடீரென்று வலி விட்டது. "பாத்தீங்களா நானா!" என்று மார்தட்டினேன். மாலைக்குள் வயிறு பலகையாக இறுகி, நிமிர முடியாமல் கிடந்தேன். வீதியில் மரக்கறி லொறிகள் மட்டும்தான் ஓடின. நானா ஒன்றை மறித்து, என்னை முட்டைக்கோவா மூட்டைகளுக்கு மேல் கிடத்தித் தானும் ஏறிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் தலை முதல் கால் வரை மூடிய ஒரு பெண் டாக்டர், கண்கள் மட்டும் தெரிய, என் சிவந்த வயிற்றைப் பார்த்தார்.

"என்ன பூசினீங்க?"

"கறுவா எண்ணெய்ங்க."

"யார் பூசச் சொன்னது?"

நான் வாய் திறக்குமுன் நானா முந்திக்கொண்டார். "இவரும் டாக்டர்தான், மிஸ்."

வலி நின்றதாக நான் கொண்டாடிய நேரத்தில்தான் குடல்வால் வெடித்திருக்கிறது. கொரோனா சோதனை முடிவு வரும் வரை காத்திருந்தால் ஆள் தப்பமாட்டான் என்று, எனக்கு நோய் இருப்பதாகவே வைத்துக்கொண்டு, அந்தப் புழுக்கத்தில் எல்லோரும் முழுப் பாதுகாப்பு உடுப்பு மாட்டி என்னை அறுத்தார்கள். முடிவு பிறகு வந்தது. எனக்குக் கொரோனாவே இல்லை. நேரத்தோடு வந்திருந்தால் சின்ன வெட்டோடு போயிருக்கும் என்றார் டாக்டர். இப்போது தொப்புளுக்கு மேலிருந்து கீழ்வரை தழும்பு ஓடுகிறது.

வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்தார்கள். நானும் கோட்டுக்குள் திரும்பினேன். ஒரு அம்மா வயிற்றுவலிக்கு எண்ணெய் கேட்டார். பொத்தானைக் கழற்றித் தழும்பைக் காட்டி, ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றேன். அவர் எதுவும் வாங்காமல் போனார்.

"அத ஏன் காட்டினீங்க? யாவாரம் பண்ணுற எடம் இது!" என்றார் நானா.

மறுநாள் பார்த்தால், என் கோட்டின் கீழ்ப் பொத்தான்களைக் கழற்ற முடியாதபடி அவரே தைத்து வைத்திருந்தார்.