நைனா சாவுற சீனு

எங்க நைனா உசுரோட கீறப்பவே அவருக்கு சாவு மேளம் அடிக்க வெச்சவ நான். எல்லாம் ஒரு நாடகத்துக்கு.

காலேஜ் விழாவுக்கு சொந்தமா நாடகம் எழுதச் சொன்னாங்க. எங்க வூட்டுக் கதையையே எழுதினேன். நைனா காசிமேட்டுல மீன் புடிக்க லாஞ்சுக்குப் போய்கினு இருந்தவரு. ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. வாரத்துக்கு மூணு நாளு ஆஸ்பத்திரி மிஷின்ல படுத்து ரத்தம் சுத்தம் பண்ணிக்கணும். "பொட்டச்சி மாதிரி படுத்துகினே கெடக்கணுமா?"ன்னு போறதையே நிறுத்திட்டாரு. நோவு வந்ததுலேர்ந்து கைதான் பேசுது. டாக்டர் சொன்னாருன்னு அம்மா குழம்புல உப்பைக் குறைச்சா தட்டு பறக்கும். தண்ணியை அளந்து குடுத்தா செம்பு பறக்கும். அம்மா நெத்தில கீற தையல் தழும்பு அந்த செம்பு பண்ண வேலை. நாடகத்துல அப்பன் மிஷினுக்குப் போவாமயே செத்துப்போறான். அதைப் பார்த்தாவது நைனா பயந்துகினு ஆஸ்பத்திரிக்குப் போவட்டும், பொழைக்கட்டும். எனக்கு அவ்ளோதான் வேணும்.

காலேஜ்ல சாயங்காலமானா ஹாலைப் பூட்டிடுவாங்க. அதனால ஒரு ஞாயித்துக்கெழமை மத்தியானம் எங்க சந்துலயே ஒத்திகை. நைனா உள்ள தூங்கறாரு. அப்பனா நடிக்கிற பையன் நைனாவோட சட்டையைப் போட்டுகினு, டீக்கடை பெஞ்சுல தலையோட வெள்ளை வேட்டி போத்திப் படுத்துட்டான். கூடப் படிக்கிற இன்னொருத்தன் நெசமாவே சாவு வூடுங்களுக்கு மேளம் அடிக்கப் போறவன். "மெதுவா அடிடா"ன்னேன். அவனுக்கு மெதுவா அடிக்க எங்க தெரியும்?

எங்க பக்கம் அந்த அடி காதுல வுழுந்தா அடுப்பை அணைச்சிட்டு ஓடியாருவாங்க. அதுவும் எங்க சந்துல பெரிய நோவாளி நைனா ஒருத்தர்தான், யாருன்னு ஒருத்தரும் கேக்கல. மொதல்ல வந்தது அத்தை, நைனாவோட தங்கச்சி. மீன் கூடையை அப்படியே போட்டுட்டு, தலைமுடியை அவுத்து வுட்டுகினு பெஞ்சு மேல வந்து வுழுந்துச்சு. "மிஷினுக்குப் போன்னு கால்ல வுழுந்தேனே அண்ணா, கேட்டியா?"ன்னு மாரடிக்குது. அடில பாதி அந்தப் பையன் மேல வுழுது. எழுந்துக்க பயந்துகினு அவன் மூச்சை அடக்கிக் கெடக்கறான். பின்னாடியே லாஞ்சு ஆளுங்க மாலையோட வந்துட்டாங்க.

சத்தம் கேட்டு நைனா வெளிய வந்தாரு. அத்தை அவரைப் பார்த்து வீல்னு கத்திச்சு. பையன் வேட்டியை வுதறிட்டு எழுந்துட்டான். நைனா மாலையைப் பார்த்தாரு, பையன் மேல கீற சட்டையைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு. அவ்ளோதான், என் தலைமயிரு அவர் கையில. புடிச்சு செவுத்துல இடிச்சாரு. "பெத்த அப்பனுக்கே பாடை கட்றியாடி?" மேளத்தை ஒதைச்சுக் கிழிச்சாரு. குறுக்க வந்த அம்மாவுக்கு வாயில ஒரு குத்து. ஒதடு கிழிஞ்சு ரவிக்கையெல்லாம் ரத்தம்.

எனக்கு எங்கேர்ந்துதான் வந்துச்சோ அந்த ஆத்திரம். "அடி! பொம்பளைய அடிக்கத் தெம்பு கீது, மிஷின்ல படுக்கத் தெம்பு இல்லியா? இன்னிக்கு மாலை சும்மா வந்துது. அடுத்த வாட்டி நெசமா வரும், போ!"ன்னு கத்தினேன்.

ஓங்கின கை அப்படியே நின்னுச்சு. மேல்மூச்சு வாங்குது. வீங்கின காலோட வாசப்படில குந்திட்டாரு. மாலை வாங்கியாந்த ஆளுங்களே அவரை ஆட்டோல ஏத்திகினு ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. அன்னிலேர்ந்து ஒழுங்கா மிஷினுக்குப் போறாரு. கால் வீக்கம் வடிஞ்சு நல்லா நடக்கறாரு. கைக்கும் பழைய தெம்பு வந்துடுச்சு. நாடகத்துக்கு மொத நாள்கூட அம்மா முதுகுல தோசைக் கரண்டி.

நாடகத்தன்னிக்கு ரெண்டு பேரும் மொத வரிசைல உக்காந்தாங்க. அப்பன் சாவுற சீனு வந்துச்சு. ஹாலே மூக்கை உறிஞ்சுது. நைனாவே துண்டால கண்ணைத் தொடைச்சாரு. திரை ஓரத்துல நின்னுகினு நான் அம்மாவைப் பார்த்தேன். அது அழல. நாற்காலில நல்லா சாஞ்சுகினு, காலை நீட்டி உக்காந்துகினு கீது. எங்க அம்மா அப்படி உக்காந்து நான் பார்த்ததே இல்ல.

வெளிய வரும்போது நைனா கேட்டாரு. "ஊரே அழுவுது, நீ ஏண்டி அழல?"

அம்மா முந்தானையை இழுத்து இடுப்புல சொருவிச்சு.

"நாடகந்தானேய்யா"ன்னுச்சு.