வினி டுல்லக் நேரில் கொண்டுபோன தந்தி

கனடாவின் மனிட்டோபா சமவெளியில் வில்லோ கிராஸிங் என்று ஓர் ஊர். அதன் தொலைபேசி நிலையம் வேறெங்கும் இல்லை, வினி டுல்லக் வீட்டு முன்னறையில்தான். ராணுவ லாரிகளைப் பழுதுபார்க்கக் கணவன் அலெக் இங்கிலாந்துக்குப் போனபிறகு அவளே தனியாக அதை ஓட்டினாள்.

எட்டுப் பண்ணை வீடுகளுக்கு ஒரே கம்பி. மணி எட்டு வீட்டிலும் கேட்கும். இரண்டு குட்டை, ஒரு நீளம் என்று அடித்தால் டுட்சாக் வீட்டுக்கு அழைப்பு. அழைப்பு ஒரு வீட்டுக்குத்தான், ஆனால் எடுப்பது எட்டு வீடும். ஒட்டுக்கேட்பது பாவம் என்று பாதிரியார் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்வார். திங்கட்கிழமை அவரே ஒட்டுக்கேட்பார்.

அதனால் போர் தொடங்கியதும் ஒரு பழக்கம் உண்டாயிற்று. உண்டாக்கியவள் வினிதான். ரயில் நிலையத்துக்கு வரும் தந்தியில் விடுப்பு, பதவி உயர்வு, உடம்பு தேறியது என்று இருந்தால் தொலைபேசியில் சொல்லிவிடுவாள். சாவு என்றாலோ, ஆளைக் காணவில்லை என்றாலோ குதிரை வண்டியைப் பூட்டிக்கொண்டு நேரில் போவாள். ஒரு தாயின் முதல் அழுகையை ஏழு வீட்டார் காதில் வாங்கக்கூடாது, அவ்வளவுதான். 1943 வசந்தத்துக்குள் சுற்றுவட்டாரத்தில் ஏழு வீடுகளுக்கு அப்படிப் போய்விட்டாள்.

நல்ல மனதோடு செய்ததுதான். ஆனால் விளைவைப் பாருங்கள். இரவல் வாங்கிய கூடையைத் திருப்பித்தர ஒருநாள் ஒரு வீட்டுக்குப் போனாள். வண்டியைக் கண்டதும் அந்த வீட்டுப் பெண் கையிலிருந்த முட்டைகளைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றோடு வினி யார் வீட்டுக்கும் சும்மா போவதை நிறுத்திக்கொண்டாள். தேநீருக்கு வாவென்று அவளை அழைப்பாரும் இல்லை. யாருக்கும் அவள்மேல் கோபம் கிடையாது. அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

ஏப்ரலில் ஒரு மதியம் ரயில் நிலைய அதிகாரி ஃபின்லே மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"உனக்கில்ல வினி, உனக்கில்ல! முதல்ல மூச்சு விடு. டுட்சாக் பையன். உயிரோட இருக்கானாம்!"

மெட்ரோ டுட்சாக் ஹாங்காங்குக்குப் போன படையில் இருந்தவன். அந்த நகரம் ஜப்பானியர் கையில் விழுந்தபின் பதினாறு மாதமாக அவனைப்பற்றித் தகவலே இல்லை. உக்ரைனிலிருந்து வந்து குடியேறிய அவன் தாய் பராஸ்கா, விதவை, பண்ணையைத் தனியாளாகக் கட்டி ஆள்பவள். ஞாயிறு தவறாமல் அழைப்பாள். "ஏதும் வந்துச்சா வினி?" "வரல, மிஸஸ் டுட்சாக்." "வராத வரைக்கும் நல்லதுதான்" என்று வைத்துவிடுவாள். இப்போது வந்துவிட்டது. ஜப்பானியர் முகாமில் கைதியாக இருக்கிறான், நலம்.

வினி தொலைபேசியை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. இந்த ஒரு செய்தியையாவது கையால் கொடுக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்துவிட்டது. செவிடரான மாமனாரைத் தன் நாற்காலியில் உட்காரவைத்து, பனி உருகிய சேற்றில் வண்டியை விரட்டினாள். சந்தோஷத்தில் அவளுக்குப் புத்தி மழுங்கிப்போயிருந்தது, வேறென்ன சொல்ல.

பராஸ்கா முற்றத்தில் கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். வண்டியைப் பார்த்தாள். வாளி கீழே விழுந்தது. உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டபோதுதான் வினிக்குத் தான் செய்த காரியம் உறைத்தது.

"மிஸஸ் டுட்சாக், கதவத் திறங்க! மெட்ரோ உயிரோட இருக்கான்!"

"போயிடு வினி. நீ நல்ல பொண்ணு, போயிடு."

"சத்தியமா நல்ல சேதிங்க!"

"கதவத் திறக்கவைக்க நீ என்ன வேணா சொல்லுவ. நான் திறக்கமாட்டேன். திறக்காத வரைக்கும் எம்புள்ளைக்கு ஒண்ணும் ஆகல."

வினி தந்தியைக் கதவடியில் தள்ளினாள். அது அப்படியே வெளியே வந்தது.

"உங்க இங்கிலீஷ் எனக்குப் படிக்க வராதுன்னு தெரியாதா உனக்கு?"

உள்ளே பராஸ்கா தன் மொழியில் ஜபம் சொல்லத் தொடங்கினாள். மகன் இறந்துவிட்டதாக நினைத்து ஒரு தாய் உள்ளே நடுங்குகிறாள், அவன் பிழைத்திருக்கும் செய்தி வாசலில் நிற்கிறது. தன் வண்டி வந்தால் கெட்ட சேதிதான் என்று ஊரையே பழக்கியவள் வினி. இப்போது யாரை நோவது?

அரை மைல் தள்ளி பெர்ட்டா ஹாக்கின் வீடு. போன இலையுதிர்காலத்தில் அவள் ஒரே மகன் விமானத்தோடு விழுந்து இறந்தபோது செய்தி கொண்டுவந்தவளும் வினிதான். வாசலில் இறங்க அவளுக்குக் கால் வரவில்லை.

பெர்ட்டாவே கதவைத் திறந்தாள். "ஏன் நிக்கற? பயப்பட இந்த வீட்டுல இனிமே என்ன இருக்கு? உள்ள வா."

விஷயத்தைக் கேட்டதும் பெர்ட்டா எழுந்துபோய்த் தொலைபேசியின் கைப்பிடியைத் தானே சுழற்றினாள்; ஒரே கம்பி என்பதால் நிலையத்தைக் கேட்க வேண்டியதில்லை. இரண்டு குட்டை, ஒரு நீளம். பதில் இல்லை. மறுபடி சுழற்றினாள். மற்ற வீடுகளில் ஒவ்வொன்றாகக் கருவி எடுக்கும் சத்தம். ஐந்தாம் முறை ஒரு கரகரத்த குரல்.

"யாரு?"

"வினிங்க. ஃபோன்ல பேசறேன்."



"ஃபோன்லயா?"

"ஆமாங்க. ஃபோன்லதான்."

ஏதோ நாற்காலி சரிந்த சத்தம். வினி தந்தியை நிறுத்தி நிதானமாகப் படித்தாள். முடித்ததும் பராஸ்கா கத்தினாள்: "எல்லாருக்கும் கேட்டுச்சா?"

தாங்கள் ஒருநாளும் ஒட்டுக்கேட்டதில்லை என்று சாதிக்கும் அத்தனை பேரும் ஒரே குரலில், "கேட்டுச்சு!" என்றார்கள். அதில் ஒன்று பாதிரியாரின் குரல்.

வினியும் பெர்ட்டாவும் வண்டியில் டுட்சாக் வீட்டுக்குத் திரும்பியபோது, பராஸ்கா கணுக்கால் ஆழச் சேற்றில் சாலைவரை வந்து நின்றிருந்தாள். முதலில் பெர்ட்டாவைக் கட்டிக்கொண்டாள். பிறகு குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு வினியை முறைத்தாள்.

"இனிமே நல்ல சேதிய நீ ஃபோன்ல சொல்லக்கூடாது. அதையும் நேர்ல கொண்டு வா. சேதியே இல்லன்னாலும் வா. கெட்டதுக்கு மட்டும் வந்தா உன் மூஞ்சிய நாங்க எப்படிடி பாக்கறது?"

வினி இறங்கினாள். அழுதாள். வீட்டுக்குள் அடுப்பில் ஏதோ தீயும் வாசனை வந்தது. மூவரும் உள்ளே ஓடினார்கள்.