சின்னக்கண்ணு வகுப்பில் இருக்கிறான்

புருஷன் இருக்கிறானா செத்தானா என்று பாப்பாத்திக்குத் தெரியவில்லை. 1942 ஆகஸ்டில் எழுந்த அந்தக் கேள்விக்கு மறு வருஷம் மாசி வரை விடை கிடைக்கவில்லை.

மலைமேல் எடப்புளி நாட்டில் அவள் ஊர் சின்னது. சாமைக் காடு, பலா மரங்கள், மரத்தில் ஏறிய மிளகுக் கொடி, சில கூரை வீடுகள். அங்கிருந்து இறங்கிப் போய்க் காலேஜில் சேர்ந்த முதல் ஆள் அவள் புருஷன் சின்னக்கண்ணு. முதல் நாள் பேர் கூப்பிட்டபோது எல்லாரும் "பிரசண்ட் சார்" என்றார்கள். இவன் எழுந்து கைகட்டிக்கொண்டு, "இருக்கேனுங்க" என்றான். வகுப்பே சிரித்தது. லீவில் வந்தபோது அதை அவனே பாப்பாத்திக்கு நடித்துக் காட்டினான். "இப்ப நானும் பிரசண்ட் சாருதான். நாக்கைத் திருத்திப்புட்டானுங்க."

ஆகஸ்டில் தலைவர்களைப் பிடித்து உள்ளே போட்ட செய்தி வந்ததும் மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியேறினார்கள். கொடியோடு முன்னால் போனவர்களில் சின்னக்கண்ணு ஒருவன். தடியடி நடந்தது. ஓடினான். மலையடியில் முள்ளுக்குறிச்சியில் ஒரு பொரிகடைக்காரர் அவனைப் பார்த்திருக்கிறார். நெற்றியில் ரத்தம். கொட்டுகிற மழையில் மலைப்பாதையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தான். மேலே வந்து சேரவில்லை. பாதை முழுக்கத் தேடினார்கள். பாதைக்குக் குறுக்கே ஓடும் ஓடையில் வெள்ளம் வடிந்தபின் மறுபடியும் தேடினார்கள். துண்டுகூடக் கிடைக்கவில்லை.

அந்த ஊரில் இதற்கு ஒரு முறை உண்டு. போனவர் திரும்பாவிட்டால், பாதை மேலேறி வந்து சேரும் இடத்தில் உறவெல்லாம் நின்று அவர் பேரை மூன்று தடவை கூப்பிட வேண்டும். பதில் இல்லையென்றால் பானையை உடைத்துக் காரியம் முடித்துவிடுவார்கள். அதற்குமேல் பெண்டாட்டி வேறொருவனைக் கட்டிக்கொள்ளலாம். ஊர்க்கவுண்டர் குப்புசாமி நாள் குறித்தார்.

அன்றைக்குப் பானையோடு போய் நின்றவர்களுக்கு எதிரே, பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பையன் மூச்சிரைக்க ஏறி வந்தான். சின்னக்கண்ணுவின் வகுப்புத் தோழன் அர்த்தனாரி.

"கூப்பிடாதீங்க! அவன் காலேஜில இருக்கான்!"

பாப்பாத்தி பானையோடு முன்னால் வந்தாள். "எங்க? நடமாடுறாரா?"

"ஆள் இல்லீங்க. பேரு இருக்குது."

விஷயம் இதுதான். வருகைப் பதிவேட்டில் பேரை அடித்தால் பையன் எங்கே போனான் என்ற கேள்வி எழும் என்று காலேஜ் பயந்தது. அதனால் வாத்தியார் தினமும் அந்தப் பேரைக் கூப்பிட்டார். தினமும் ஏதாவது ஒரு மூலையிலிருந்து ஒருவன் தலையைக் குனிந்துகொண்டு "பிரசண்ட் சார்" என்றான். யாரென்று பிடிக்க முடியவில்லை. ராத்திரியோடு ராத்திரியாகச் சுவரெல்லாம் கரியில் எழுதிவிட்டார்கள்: சின்னக்கண்ணு இருக்கிறான்.

"நாங்க ஒடுங்கிப் போகாம இருக்கிறதே அந்தப் பேராலதானுங்க," என்றான் அர்த்தனாரி.

குப்புசாமி தலையைச் சொறிந்தார். "எங்கயோ பதில் வர்ற பேரை நாம கூப்பிடக் கூடாது சாமி. பானையை ஊட்டுக்கு எடுத்துட்டுப் போங்க."

"ஏனுங்க தம்பி," என்றாள் பாப்பாத்தி, "அந்த பிரசண்ட் சாரு வந்து எங்க காட்டை உழுவாரா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

அதன்பின் கல்யாணத்துக்கும் அவளைக் கூப்பிடவில்லை, சாவுக்கும் கூப்பிடவில்லை. எந்தப் பக்கம் சேர்ப்பதென்று யாருக்கும் தெரியவில்லை. மிளகுக்கு மரம் ஏறும் சின்னையன் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருந்தான். "கூப்பிட்டு முடியட்டும், நான் இருக்கேன்," என்று ஒதுங்கிக்கொண்டான். வீட்டு நாய் மட்டும் காலையில் பாதைமுனைக்குப் போய்விடும். கீழே பேர் கூப்பிடும் நேரத்துக்குக் காதை விடைத்து, ஆளில்லாத பனியைப் பார்த்து வாலை ஆட்டும். வெயில் ஏறியதும் திரும்பி வந்து படுத்துக்கொள்ளும். பாப்பாத்தி ஒருநாள் பின்னாலேயே போய்ப் பார்த்தாள். பாதையில் யாரும் இல்லை. நாய் எதிரே நிற்கும் ஆளின் முகத்தைப் பார்ப்பது போலத் தலையைத் தூக்கி நின்றது.

தை மாதம் அர்த்தனாரி மறுபடி வந்தான். மாணவர் சங்கத் தேர்தலில் நிற்கிறானாம். சின்னக்கண்ணுவின் பேரைச் சொல்லித்தான் ஓட்டுக் கேட்கிறான்.

"ஒருநாள் யாரும் வாயைத் திறக்காம இருங்க தம்பி," என்றாள் பாப்பாத்தி. "ஒரே நாள். அந்தப் பேரு சும்மா கிடக்கட்டும். அப்புறம் நாங்க கூப்பிட்டுக்கறோம்."

"தேர்தல் நேரமுங்க. அமைதியா இருந்தா செத்துட்டான்னு ஆயிரும். பசங்க கலைஞ்சிருவாங்க."

"உங்களுக்கு அவரு சாகக் கூடாது. எனக்கு அவரு எதுன்னாச்சும் ஒண்ணாயிருக்கணும். நாய் மாதிரி எத்தனை நாளைக்குப் பாதையைப் பார்த்துட்டு நிக்கறது?"

அவன் நாயைத் திரும்பிப் பார்த்தான். பிறகு சரி என்றான்.

மாசியில் திரும்பி வந்தபோது முகம் வெளிறியிருந்தது. கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

"எல்லாருகிட்டயும் சத்தியம் வாங்கினேனுங்க. வாத்தியார் கூப்பிட்டாரு. ஒருத்தனும் மூச்சு விடலை. அப்ப... பதில் வந்துச்சு."

"யாரு?"

"அவன் பெஞ்சிலிருந்து. அங்க யாரும் உக்கார்றதே இல்லீங்க."

"பிரசண்ட் சாருன்னா?"

அர்த்தனாரி இல்லையென்று தலையை ஆட்டினான். "இருக்கேனுங்கன்னு."

அடுப்பில் எரிந்த சுள்ளியைப் பாப்பாத்தி வெளியே இழுத்து அணைத்தாள்.

"வாத்தியார் புஸ்தகத்தைப் போட்டுட்டு ஓடிட்டாரு. நான் போய்ப் பெஞ்சைத் தொட்டுப் பார்த்தேன். நனைஞ்சிருந்துச்சு. ஊர்ல மழையே இல்லீங்க, மாசி வெயிலு." அவன் குரல் மாறியது, ஏதோ நம்பிக்கை போல. "அவன் எங்கயோ இருக்கான்னுதானே அர்த்தம்?"

பாப்பாத்தி ஓடை இருந்த பக்கம் பார்த்தாள்.

"உசிரோட இருக்கிற மனுசன் பெண்டாட்டிகிட்ட வருவான் தம்பி," என்றாள். "வகுப்புக்கா போவான்? நீங்க விடாமக் கூப்பிட்டு அங்கயே உக்கார வெச்சுட்டீங்க."

எழுந்துபோய்ப் பானையை எடுத்துவந்தாள்.

பாதைமுனையில் பனி இடுப்பளவு நின்றது. நடந்ததைக் கேட்ட குப்புசாமி இந்தத் தடவை தடுக்காமல் வந்தார். சின்னையன் தள்ளி நின்றான். பதில் போல எந்தச் சத்தமும் எழாதபடி சின்னக் குழந்தைகளின் வாயைத் தாய்மார் பொத்திக்கொண்டார்கள். பாப்பாத்திதான் கூப்பிட்டாள்.

முதல் தடவைக்கு நாய் எழுந்து நின்றது. இரண்டாம் தடவைக்கு வாலை ஆட்டியது. மூன்றாம் தடவைக்கு யாரையோ வழியனுப்புவது போலப் பாதையில் கொஞ்சதூரம் இறங்கிப் போய், அப்படியே திரும்பி வந்து அவள் காலடியில் படுத்துவிட்டது.

பதில் இல்லை. பானை உடைந்தது.

அர்த்தனாரி மட்டும் இரண்டு கையாலும் வாயை இறுக்கிப் பொத்தியபடியே நின்றிருந்தான். பாப்பாத்தி அவன் கையை மெல்ல விலக்கினாள்.

"இனிப் பேசலாம் தம்பி. அவரு போயிட்டாரு."