அறை வெப்பநிலை

தேவகுமாரி கொடைக்கானலில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது, பெரும்பாறை காப்பித் தோட்டத்தில் அவள் அப்பா பெரியண்ணன், தொழிலாளர் வீடுகளான லயம் முழுக்க மிட்டாய் கொடுத்தார். சிலோனிலிருந்து கப்பலேறி வந்த குடும்பத்தில் முதல் டாக்டராம். ஊசி போடாத டாக்டரும் உண்டு என்பது ஐந்து வருடமாகியும் மனிதருக்கு விளங்கவில்லை.

அவள் பார்த்தது ஈஸ்ட் செல்லை. அதன் உட்கருவில் உண்டாகும் ஆர்.என்.ஏ.க்கள் வெளியே வந்தால்தான் சோலி நடக்கும். எல்லாம் ஒரே வண்டியில் வருவதில்லை. தூது ஆர்.என்.ஏ.வைச் சுமந்துவர ஒரு புரதம், கடத்து ஆர்.என்.ஏ.வுக்கு வேறொன்று. தூதைச் சுமக்கும் புரதத்தை அவள் கெடுத்துவிட்டாள். தூது உள்ளேயே சிக்கியது. அது ஏற்கெனவே தெரிந்த சங்கதி. கடத்தும் கூடவே சிக்கியது. கடத்து இருக்குமிடத்தைக் காட்டும் சாயத்தில் உட்கரு பச்சையாக மின்னியது. அதுதான் அவள் கண்டுபிடிப்பு, ஆய்வேடே அதன்மேல்தான் நின்றது.

கொடைக்கானலில் சாயமேற்றிக் கழுவிய ஸ்லைடுகளை பஸ்ஸில் மதுரைக்குக் கொண்டுபோய்த்தான் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பாள். 2005 நவம்பரில், கடைசிப் படம் எடுக்கக் கிளம்பிய அன்று நல்ல மழை. பஸ்ஸை விடக்கூடாதென்று கழுவாமலே எடுத்துப்போய் மதுரையில் கழுவினாள். உட்கரு இருட்டாகக் கிடந்தது.

மூன்று முறை பார்த்துவிட்டு, செய்முறைத் தாளை எடுத்தாள். 'அறை வெப்பநிலையில் கழுவவும்.' எழுதிய புண்ணியவான் அறையில் இருபத்தைந்து டிகிரி இருந்திருக்கும். மதுரையிலும் கிட்டத்தட்ட அதுதான். கொடைக்கானலில் அவள் அறையில் பதினான்கு. அந்தக் குளிரில் சாயம் சரியாகக் கழுவப்படாமல், குவிந்துகிடந்த தூதின்மேல் ஒட்டிக்கொண்டு மின்னியிருக்கிறது. அழுகை வருமென்று காத்திருந்தாள். வரவில்லை. கொடைக்கானல் திரும்பும் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரி கொடுத்த கடலையைத் தின்றுகொண்டு வந்தாள்.

"தெர்மாமீட்டர் வச்சு யாரு செக் பண்ணப் போறாங்க? பேசாம சப்மிட் பண்ணும்மா" என்றார், எல்லாவற்றையும் கேட்ட வழிகாட்டி ஜெயப்பிரியா.

"சரிங்க மேடம்."

கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, ஆய்வேட்டில் 'அறை வெப்பநிலையில்' என்றிருந்த இடத்தை அழித்துப் 'பதினான்கு டிகிரியில்' என்று அடித்தாள். மதுரைப் படத்தையும் சேர்த்தாள். கண்டுபிடிப்பு தப்பென்று பார்க்கிறவர்களுக்குப் புரிய அது போதும்.

சாயங்காலம் அப்பா தோட்டத்து ஆபீஸிலிருந்து போன் செய்தார். "இனி டாக்டர்னு சொல்லிக்கலாமா தாயி?"

"இல்லப்பா. இங்கத்தக் குளிர்ல எல்லாம் தப்பாப் போச்சு. அஞ்சு வருசமும் போச்சு."



"அம்புட்டுக் குளிரா தாயி? சொட்டரு போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன்ப்பா" என்றாள். போட்டிருக்கவில்லை. குளிரவும் இல்லை.